தறியும் கிணறும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெருவில், கல்முனைக்குச் சற்று முன்னே அமைந்துள்ளது மருதமுனை. நெசவென்றவுடன் கிழக்கிலங்கையார் நினைவுக்கு வருவது இவ்வூரே. முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் தொழில் இது. இங்கு நெய்யப்படும் சாரங்களும் சேலைகளும் நன்மதிப்புப் பெற்றவை. 1977ஆம் ஆண்டில் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டபின் மலிவான ஆலைத் துணிகள் வந்து குவிந்தன. தறிகள் பல ஓய்ந்தன. எனினும் தொழில் மாளவில்லை.

சூழலுக்குத் தீங்கிழையாத உற்பத்தி வேண்டுமென இன்று உலகம் பேசுகின்றது. கைத்தறி அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதனை இயக்க மின்சாரம் வேண்டா. நெசவாளியின் கையும் காலுமே போதும். ஆயினும் ஒரு துணியின் வரலாறு தறியில் தொடங்குவதன்று. நூலும் சாயமும் பெரும்பாலும் கடல் கடந்து வருகின்றன. தீங்கு ஒளிந்திருக்கக்கூடிய இடம் சாயத்தொட்டியே.

பருத்தி நூலுக்கு இன்று பெருவழக்காயுள்ள இரசாயனச் சாயங்கள் பற்றுவதற்கு உப்பும் சலவைச் சோடாவும் சேர்க்கப்படுகின்றன. சாயம் முழுவதும் நூலில் ஏறிவிடுவதில்லை. எஞ்சியது, சேர்த்த உப்போடு, அலசிய நீருடன் வெளியேறுகின்றது.

நம் கரையோரமோ மணற்பாங்கானது; ஊற்றிய நீர் விரைவிற் கீழிறங்கும். மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கும் மழைநீரே நம் கிணற்று நன்னீர். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளிற் கிணறுகள் உவர்ப்பாகிக் குடிநீருக்கு மக்கள் பட்ட பாட்டை மறக்கலாகுமா? அன்று உப்பைக் கொணர்ந்தது கடல். அதனை நாமே ஊற்றலாகாது.

தமிழகத்தின் திருப்பூர் இதற்கோர் எச்சரிக்கை. பனியன் ஏற்றுமதியாற் செழித்த அந்நகரின் சாயக் கழிநீர் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணையிற் தேங்கி உழவரையும் வருத்தியது. 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடப் பணித்தது. கழிநீரிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டுப் பயன்படுத்தும் முறை அதன்பின் அங்கு வேரூன்றிற்று.

மருதமுனை திருப்பூரன்று, இங்கு அளவு சிறிது. அதுவே நல்வாய்ப்பு. சாயத்தை நிறுத்து அளந்திடலாம். கடைசியாக அலசிய நீரை அடுத்த நூலின் முதல் அலசலுக்குக் கொள்ளலாம். கழிநீரைச் சீமெந்துத் தொட்டியிற் சேர்த்து, மழையில்லா மாதங்களில் வெயிலில் வற்றவிடலாம். தனியொரு நெசவாளிக்கு இச்செலவு பாரம். பலர் கூடின் இயலும்.

நமக்கும் இதிற் பங்குண்டு. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் துணி வாங்குவோர் விலையைக் கேட்பதோடு, சாயநீர் எங்கே போகின்றதென்றும் கேட்போமாக. அதன்பொருட்டுச் சில ரூபாய் கூடின், அது கிணற்றுக்கு நாம் கட்டும் காப்பாகும்.