உடலைத் தேற்றும் பூக்கோசு சூப்

காய்ச்சல் தணிந்த பின்னரும் உணவைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் நோயாளியை அறியாத இல்லம் அரிது. மருந்து தன் பணியை முடித்துவிட்டது. இனி உடலைத் தேற்ற வேண்டியது அடுப்படியே. பல் இழந்த முதியவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வீட்டார் வறுத்ததும் பொரித்ததும் உண்ண, அவர்களுக்கு மட்டும் நாள்தோறும் வெறுங்கஞ்சியை நீட்டினால், பசி இருந்தும் நா மறுக்கிறது. கடைத்தெருவில் காலிபிளவர் எனப்படும் பூக்கோசும் உருளைக்கிழங்கும் இக்குறையைப் போக்க வல்லவை.

இரண்டும் பிற நாட்டிலிருந்து வந்தவையே. உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். 1820களில் கோவை ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் அதனை நீலகிரியில் பயிரிட்டார். பிரான்சு நாட்டு மருந்தியலார் பார்மாந்தியே, ஏழாண்டுப் போரின்போது (1756-63) பிரஷ்யச் சிறையில் இக்கிழங்கை உண்டே காலம் கழித்தார். விடுதலையான பின் தம் நாட்டவரிடையே அதன் பயனைப் பரப்பினார். இன்றும் அங்கே உருளைக்கிழங்கு சூப் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சமைக்குமுன் இரண்டில் கவனம் வேண்டும். பூக்கோசின் இடுக்குகளில் புழுக்கள் ஒளிந்திருக்கும். சிறு பூக்களாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீரில் பத்து நிமிடம் இட்டு அலசுக. பச்சை படர்ந்த கிழங்கிலும் முளைவிட்ட கிழங்கிலும் சோலனின் என்னும் நச்சுப்பொருள் மிகும். கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. ஆதலால் அத்தகைய கிழங்கை விலக்குவதே நலம். கிழங்கை வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் பச்சை படராது.

நால்வருக்குப் பூக்கோசு 250 கிராம், உருளைக்கிழங்கு 150 கிராம் போதும். ஒரு தேக்கரண்டி நெய்யில் பத்துச் சின்ன வெங்காயமும் நான்கு பல் பூண்டும் வதக்கி, தோல் சீவி நறுக்கிய கிழங்கையும் நான்கு தம்ளர் நீரையும் சேர்க்கவும். கிழங்கு அரைவேக்காடு ஆனதும் பூக்கோசையும் அதன் இளந்தண்டையும் இடுக. முதலிலேயே இட்டால் பூக்கோசு மிகையாக வெந்து வாடை எழும். குழைய வெந்ததும் வேகவைத்த நீருடனேயே மசிக்கவும். நீரை வடித்தால் அதில் கரைந்த வைட்டமின் சியும் வீணாகும். கிழங்கின் மாவுச்சத்தே சூப்பைக் கெட்டியாக்குவதால் மைதா வேண்டியதில்லை. இறக்கிய பின் அரைத் தம்ளர் காய்ச்சிய பால், உப்பு, மிளகுத்தூள், கொத்தமல்லித் தழை சேர்த்துப் பரிமாறலாம்.

நோயாளி தேறத் தொடங்கியதும் இதே காய்களில் ஆணம் வைக்கலாம். வெங்காயம், தக்காளி, சிறிது மல்லித்தூள், மஞ்சள் வதக்கி, இரண்டாம் தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்து, இறுதியில் முதற்பாலை ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிடுக. கொதித்தால் பால் திரிந்துபோகும். சோற்றுக்கும் ஆப்பத்திற்கும் இது ஏற்றது.

நீரிழிவு உடையோருக்குக் கிழங்கைக் குறைத்துப் பூக்கோசைக் கூட்டுக. கிழங்கில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிக்கு மருத்துவரைக் கேட்ட பின்னரே தருக.

சகோதரிகளே, நோயுற்றவர் முன் பெருங்கிண்ணம் நிறைய வைத்து மலைக்கச் செய்யாதீர்கள். சிறு கிண்ணத்தில், இளஞ்சூட்டில், இரண்டு மணிக்கொருமுறை கொடுங்கள். அவர் குடித்து முடிக்கும்வரை அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருங்கள். தனித்து விடப்பட்டவருக்கு நல்லுணவும் கசப்பதுண்டு.