முறிவு நெரிவு பார்க்கும் பெண்ணுக்குப் பதிவு எதற்கு?

எமது பகுதிகளில் நாரி நோ இல்லாத பெண்ணைக் காண்பது அரிது. தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, வீட்டுத் திட்டத்திற்குச் சுமந்த கல்லும் மண்ணும் என்று காரணங்கள் பல. 2009இல் பிள்ளையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் வைத்து நடந்த நடையும், பங்கருக்குள் குந்தியிருந்த நாட்களும் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. சிலருடைய முதுகில் எடுக்க முடியாத செல் துண்டுகள் அப்படியே இருக்கின்றன. மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எழும்பும்போது பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் நாரியைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறார்கள். வைத்தியம் செய்தீர்களா என்று கேட்டால் பலரும் சிரித்து மழுப்புவார்கள். ஓரிருவர்தான் உண்மையைச் சொல்வார்கள்: "ஆம்பிளைப் பரியாரியிட்டப் போய் நாரியைக் காட்டுறதோ பிள்ளை?"

பெண்ணொருத்தி இந்த வைத்தியத்தைக் கற்று, முறைப்படி பதிவும் பெற்று, அதையே தொழிலாகச் செய்ய முடியுமா என்பதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன். முடியும். ஆனால் சும்மா முடியாது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்த கிராமமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். அவருடைய மாமனார் மூன்று தலைமுறையாக முறிவு நெரிவு பார்த்த குடும்பத்தவர். வழக்கப்படி இந்த வித்தை மகனுக்குத்தான் போகும். மருமகளுக்கு எண்ணெய் காய்ச்சுவது, பத்து அரைப்பது, மட்டை சீவுவது, துணி கிழித்துச் சுற்றி வைப்பது போன்ற வேலைகள்தான். ஆனால் பெண் நோயாளிகள் வரும்போது தொட்டுப் பார்க்க ஒரு பெண் கை தேவைப்பட்டது. மாமனார் திரைக்கு வெளியே நின்று கேட்பார், அக்கா உள்ளே நின்று விரலால் தடவிச் சொல்லுவார். எங்கே வீக்கம், எங்கே எலும்பு விலகி நிற்கிறது, எங்கே தொட்டால் முகம் சுருங்குகிறது. இப்படியே பதினான்கு வருடங்கள் போயின. படிப்பு என்று அதற்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை.

கணவர் 2009 மே மாதம் காணாமல் ஆக்கப்பட்டார். மாமனார் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் காலமானார். 2012இல் அந்த முகாம் மூடப்பட்ட காலத்தில் அக்கா இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பினார். வந்த கிழமையே அயலில் ஒருவர் மரத்தால் விழுந்தார். பரியாரியாரின் மருமகள் வந்துவிட்டாள் என்று ஆளைத் தூக்கிக்கொண்டு படலையடிக்கு வந்துவிட்டார்கள். தொழில் அப்படித்தான் தொடங்கியது.

பதிவு என்ற பேச்சை எடுத்தது நான். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "எங்கட மாமாவின்ர கைக்கு ஆர் தங்கச்சி லைசன்ஸ் குடுத்தது?" என்று கேட்டார். ஆனால் மாமனாரிடம் பதிவுச் சான்றிதழ் இருந்தது என்பதும், இடப்பெயர்வில் ஒரு றங்குப் பெட்டியோடு அது போய்விட்டது என்பதும் பிறகு பேசிப் பேசித்தான் வெளியில் வந்தது.

எமது நாட்டில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. ஆயுர்வேதம் என்றவுடன் அது எங்களுடையதல்ல என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறார்கள். சித்தமும் யுனானியும் பரம்பரையாக வரும் சுதேச வைத்தியமும் அந்தச் சொல்லுக்குள்தான் அடங்குகின்றன. அச்சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுர்வேத மருத்துவச் சபையே வைத்தியர்களைப் பதிவு செய்கிறது. பல்கலைக்கழகம் போனவர்களுக்கு வழி நேரானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவக் கற்கை 1984இல் தொடங்கியது. உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைகள் அதற்குப் போகலாம். பரம்பரை வைத்தியர்களுக்கு வேறு வழி உண்டு. பதிவு பெற்ற ஒருவரிடம் கற்றதைக் காட்டி, பரீட்சைக்கும் நேர்முகத்திற்கும் முகம் கொடுத்துப் பதிவு பெறலாம். சர்வாங்க வைத்தியம் என்று எல்லா நோய்க்கும் பதிவு பெறுவோரும் உண்டு. முறிவு நெரிவு, விஷக்கடி, கண், கட்டு புண் என்று ஒரு துறைக்கு மட்டும் பெறுவோரும் உண்டு. அக்கா முறிவு நெரிவுக்கு மட்டும் விண்ணப்பித்தார். அதுவே சரி என்பது என் எண்ணம். தெரிந்ததற்கு மட்டும் பெயர் வாங்குவது பிறகு தலையிடியைக் குறைக்கும்.

கற்றதற்குச் சாட்சி யார்? கற்பித்தவர் உயிரோடு இல்லை, அவருடைய சான்றிதழும் இல்லை. இரண்டு மாதம் அதற்காகவே அலைந்தோம். மாமனாரிடம் வைத்தியம் செய்தவர்களிடம் கடிதம் வாங்கினோம். அயற் கிராமத்துப் பதிவு பெற்ற வைத்தியர் ஒருவர் அக்காவைத் தன் திண்ணையில் இருத்தி அரைநாள் கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். அந்த அரைநாள் வீண் போகவில்லை என்று அக்கா பிறகு சொன்னார். ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பியவர், "விதவை என்று எழுதவா?" என்று கேட்டார். "எழுத வேண்டாம்" என்றார் அக்கா. "அப்ப என்ன எழுதுறது?" "கலியாணம் முடிச்சவள் எண்டு எழுதுங்கோ." அவர் பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார். இன்னோரிடத்தில், பெண்பிள்ளைக்கு எலும்பு இழுக்கப் பலம் போதுமா என்று ஒருவர் பகிடி விட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. வெளியில் வந்துதான் சொன்னார்: "எலும்பை இழுக்கிறது பலத்தால இல்லைத் தங்கச்சி. ஆளின்ர மூச்சு வெளிய போற நேரம் பாத்து."

என் சிநேகிதியின் தங்கை கனடாவில் இருக்கிறாள். நாரி நோவுக்கு 'கைரோபிராக்டர்' ஒருவரிடம் போனதாகத் தொலைபேசியில் சொன்னாள். கையால் முள்ளந்தண்டைத் தட்டி நிமிர்த்தும் வைத்தியமாம். கிரேக்க மொழியில் கை, செயல் ஆகிய இரு சொற்களைச் சேர்த்த பெயர் அது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டவன்போர்ட் என்ற ஊரில் 1895இல் டி. டி. பாமர் என்பவர் தொடக்கியது. அவரும் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. அனுமதியில்லாமல் வைத்தியம் செய்ததாக 1906இல் அவரைச் சிறையில் போட்டார்கள். 1913இல் கன்சாஸ் மாநிலம்தான் முதலில் இத்தொழிலுக்கு அனுமதிச் சட்டம் கொண்டுவந்தது. கடைசி மாநிலமான லூசியானா 1974 வரை இழுத்தடித்தது. அறுபது வருடத்துக்கு மேலான இழுபறி. இன்று கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு பிள்ளை இத்தொழிலுக்கு வர வேண்டுமானால், குறைந்தது மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு 1945இல் ரொறன்ரோவில் தொடங்கப்பட்ட கல்லூரி போன்ற ஒன்றில் நான்கு வருடம் படிக்க வேண்டும். அதன் பின் நாடளாவிய பரீட்சை. தொழில் பற்றிய சட்டத்திலும் ஒரு பரீட்சை.

இதை இங்கே சொல்வது அந்த வைத்தியம் எங்களுடையதை விடச் சிறந்தது என்பதற்காக அல்ல. நாரி நோவுக்கு அது ஓரளவு உதவுகிறது. ஒழுங்காகச் செய்யும் உடற்பயிற்சியும் ஏறத்தாழ அதேயளவு உதவுகிறது. மற்ற நோய்களையெல்லாம் முள்ளந்தண்டைத் தட்டி மாற்றலாம் என்பதற்கு ஆதாரமில்லை. கழுத்தைச் சடாரெனத் திருப்புவதால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் பாதிக்கப்பட்டுப் பாரிசவாதம் வந்ததும் அரிதாக உண்டு. தங்கை சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது வேறு. முதல் நாள் அவளைத் தொடுவதற்கு முன்னால், என்ன செய்யப் போகிறேன், என்ன ஆபத்து இருக்கிறது என்று சொல்லி, சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கினார்களாம். வேண்டாமென்றால் எந்த நேரமும் நிறுத்தச் சொல்லலாமாம். தவறு நடந்தால் முறையிட ஓர் இடமும் இருக்கிறது.

போருக்குள்ளால் வந்த பெண்களுக்கு இது சின்ன விடயமல்ல. பின்பக்கமாக வந்து தொட்டாலே திடுக்கிட்டு நடுங்கும் பெண்களை எனக்குத் தெரியும். கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னால் மூச்சு முட்டும் என்று எழும்பிப் போனவர்களையும் தெரியும். அக்கா அப்படியானவர்களைக் கதிரையில் இருத்தி வைத்தே பார்ப்பார். "இப்ப கை வைக்கப் போறன்" என்று சொல்லித்தான் கை வைப்பார். இதை அவருக்கு எவரும் படிப்பிக்கவில்லை.

பதிவின் பெறுமதி எனக்கு நன்றாக விளங்கியது ஒரு சிறுவனின் விடயத்தில். ஏழு வயதுப் பிள்ளை, சைக்கிளால் விழுந்து முழங்கை முறிந்திருந்தது. பதிவில்லாத ஒருவர் வேறோரிடத்தில் இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தார். அடுத்த நாள் பிள்ளை ஓயாமல் அழுகிறான் என்று அக்காவிடம் கொண்டுவந்தார்கள். விரல்கள் குளிர்ந்து நீலம் பாரித்திருந்தன. விரலை மெல்ல நிமிர்த்தினால் வீரிட்டுக் கத்தினான். அக்கா ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கட்டை வெட்டி அவிழ்த்து, எண்ணெய்ப் போத்தலைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். உறவினர்களுக்குக் கோபம். "பரியாரியார் இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்" என்றார்கள். அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை நடந்தது. கை தப்பியது. இறுகிய கட்டுக்குள் இரத்தம் ஓடாமல் சில மணித்தியாலம் போனாலே தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். நேர்முகத்தில் எப்போது நோயாளியை அனுப்புவீர்கள் என்று கேட்டபோது அக்கா இந்தக் கதையைத்தான் சொன்னாராம்.

அவர் தன் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதை இங்கே தருகிறேன். வைத்தியம் செய்பவருக்கும் செய்விப்பவருக்கும் உதவும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் தொடுவதில்லை. வயதானவர் விழுந்து, ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது தொடை எலும்பின் மேற்பகுதி முறிவாக இருக்கலாம். எண்ணெய் பூசிக்கொண்டிருக்கக் கூடாது. நாரி நோவோடு சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, இருக்கும் இடம் விறைத்துப்போனாலோ, இரண்டு காலும் சோர்ந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. நோவோடு காய்ச்சலும் மெலிவும் இருந்தால் முள்ளந்தண்டுக் காசநோயாகவும் இருக்கக்கூடும். உடம்பில் செல் துண்டு உள்ளவர்களுக்கு எக்ஸ்ரே பார்க்காமல் உருவுவதில்லை. இந்தக் கடைசி வரி எந்த ஏட்டுச்சுவடியிலும் இருந்திருக்காது.

இனிக் காசுக் கதை. பதிவு 2015இல் கிடைத்தது. ஆனால் வருமானம் வரவில்லை. வெற்றிலையில் வைப்பதை வாங்குவதுதான் பரம்பரை முறை. "காசு கேட்டால் கைராசி போயிடும் எண்டு மாமா சொல்லுவார்" என்று அக்கா பிடிவாதமாக நின்றார். மாமனாருக்குத் தோட்டமும் வயலும் இருந்தன, அக்காவுக்கு இருந்தது கால் ஏக்கர் காணி என்று நான் வாதாடினேன். வெற்றிலையில் நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போகிறவர், இருநூறு ரூபாய் எண்ணெயைத் தலையிலும் தேய்த்துக்கொண்டு போகிறார்! கடைசியில் ஒரு நடுவழிக்கு வந்தார். கை வைப்பதற்குக் காசு கேட்பதில்லை. எண்ணெய்க்கும் துணிக்கும் விலை சொல்லுவார். இல்லாதவர்களிடம் அதையும் வாங்குவதில்லை. எனக்கு இது இன்றும் முழுத் திருப்தியில்லை. ஆனால் குடும்பம் ஓடுகிறது; மூத்தவள் உயர்தரத்தில் உயிரியல் எடுத்தாள்.

ஆரம்பிக்க அவருக்குத் தேவைப்பட்டவை அதிகமில்லை. மரக்கட்டில் ஒன்று, திரைச்சேலை, பெரிய அண்டா, சுத்தமான துணி, ஒரு கொப்பி. கட்டிடம் கட்டக் கடன் தருகிறோம் என்று நுண்கடன்காரர் இரண்டு தடவை வந்தார்கள். அந்தக் கிழமைத் தவணை எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா வாங்கவில்லை. வீட்டு விறாந்தையைத் தகரத்தால் மறைத்துத் தொடங்கினார். கொப்பியில் ஒவ்வொருவருடைய பெயர், திகதி, என்ன நோ, என்ன செய்தேன், எங்கே அனுப்பினேன் என்று எழுதுகிறார். முன்பு எழுதும் பழக்கம் இல்லை. ஒருநாள் முறைப்பாடு வந்தால் அவருக்காகப் பேசப்போவது அந்தக் கொப்பிதான்.

வாசகியரே, உங்கள் குடும்பத்திலும் இப்படி எண்ணெய் காய்ச்சி, கட்டுக் கட்டி, வாயால் கற்ற பெண் ஒருவர் இருக்கக்கூடும். அவர் யாரிடம், எத்தனை வருடம் கற்றார் என்பதை இப்போதே எழுதி, கற்பித்தவர் இருந்தால் கையெழுத்து வாங்கி வையுங்கள். பதிவுக்கான தற்போதைய நடைமுறை, கட்டணம், விண்ணப்பத் திகதி ஆகியவற்றை மாகாணச் சுதேச மருத்துவத் திணைக்களத்திலோ உங்கள் அருகிலுள்ள அரச சித்த மருந்தகத்திலோ கேட்டறியலாம். நேர்முகத்திற்குக் கொழும்புப் பக்கம் போக நேர்ந்தால், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அக்காவோடு நான் போனேன். வாசலில் நாள் முழுக்க நின்றோம், மத்தியானம் சாப்பிடவும் மறந்துபோனது.