கரண்ட் போனால் வீட்டில் எது ஓட வேண்டும்?

2022 மார்ச் 31ஆம் திகதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்றைக்கு 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்தார்கள். நமது பகுதி எந்த எழுத்துக்குரிய வலயம், நமக்கு எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று காலையிலேயே அட்டவணை பார்த்துத்தான் அடுப்பு மூட்டினோம். அடுத்த சில நாட்களில் நோன்பும் வந்துவிட்டது. வயதில் மூத்தவர்களுக்கு 1996ஆம் ஆண்டும் நினைவிருக்கும். மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால், வெளிச்சத்தை மிச்சப்படுத்த அந்த மே மாதத்தில் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். பள்ளிவாசல் தொழுகை நேர அட்டவணைகளையெல்லாம் திருத்தி எழுத வேண்டியிருந்தது. பழைய நேரத்துக்கு முழுதாகத் திரும்பியது 2006 ஏப்ரலில்தான்.

அன்றாட மின்வெட்டு 2023 பெப்ரவரியோடு நின்றது. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சரே சொன்னார். அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுபோக, அடுத்த இரண்டு நாட்களும் ஒன்றரை மணித்தியால வெட்டு. இப்படி ஒவ்வொரு முறை இருட்டும்போதும் நம்மவர்கள் கடைக்கு ஓடுகிறார்கள். அவசரத்தில் வாங்கிய பெட்டி ஆறு மாதத்தில் கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடக்கிறது. நான் அரபு இலக்கணம் சொல்லிக்கொடுப்பவன், மின்பொறியியலாளன் அல்லன். ஆயினும் இந்தக் கணக்குக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலோ பம்பலப்பிட்டியிலோ கடையில் நின்று, "தம்பி, இது எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டுப் பாருங்கள். "எடுங்க தாத்தா, மூணு மணித்தியாலம் ஓடும்" என்று உடனே பதில் வரும். எதை மாட்டினால் மூன்று மணித்தியாலம் என்று அவரும் கேட்கமாட்டார், நாமும் சொல்லமாட்டோம். பணம் வீணாவது அந்த இடத்தில்தான்.

மாடியில் வைத்திருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் எவ்வளவு அகலம் என்பது வேறு, தாங்கியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு. யூ.பி.எஸ். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 650 வி.ஏ. என்று அச்சிட்டிருப்பது குழாயின் அகலம் மட்டுமே. அதுவும் முழு அகலம் அல்ல. பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்தால் 360 வோட் அல்லது 390 வோட் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். தாங்கி எங்கே? உள்ளேயிருக்கும் பெட்டரிதான் அது. இந்த அளவுப் பெட்டிகளில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி பெட்டரி ஒன்று. பன்னிரண்டை ஏழால் பெருக்கினால் 84 வோட் மணி. மேசைக் கணனியும் திரையும் சேர்ந்து 120 வோட் இழுத்தால் முக்கால் மணித்தியாலம் ஓட வேண்டும் என்று கணக்கு சொல்லும். ஆனால் இந்த ஈயப் பெட்டரியிலிருந்து வேகமாக இழுத்தால் அது முழுவதையும் தராது. கிடைப்பது பத்து, இருபது நிமிடம்தான்.

ஆகவே யூ.பி.எஸ். என்பது மின்வெட்டு முடியும்வரை கணனியை ஓட்டுவதற்கு அல்ல. செய்த வேலையைப் பதிந்துவிட்டு ஒழுங்காக நிறுத்துவதற்கு அவகாசம் தருவதற்காகவே அது செய்யப்பட்டது. வீட்டிலிருந்து கணக்கு எழுதும் பெண்களுக்கும், பரீட்சைக்கு ஒப்படை தயாரிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பத்து நிமிடமே பெரிய உதவி. மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியென்றால், அதைத் தானே சீராக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மடிக்கணனி மட்டும் வைத்திருப்பவருக்கு யூ.பி.எஸ். தேவையே இல்லை. அதன் வயிற்றிலேயே பெட்டரி இருக்கிறது. இன்னொன்று, இந்தப் பெட்டிகள் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். 10 வோட் என்றால்கூட மாதத்துக்கு ஏழு யூனிட். மின்கட்டணம் படிமுறையாக ஏறும் நாட்டில் அது சின்ன விஷயமல்ல.

அப்படியானால் பெரும்பாலான வீடுகளில் உண்மையில் ஓட வேண்டியது எது? என் அபிப்பிராயம், ரவுட்டரும் ஒரு விளக்கும்தான். கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கும் வயோதிபத் தாய்மார் பலருக்கு வீட்டுத் தொலைபேசிதான் துணை. பழைய செப்புக்கம்பி இணைப்பாக இருந்தபோது தொலைபேசி நிலையத்திலிருந்தே அதற்கு மின்சாரம் வந்தது. ஊரே இருண்டாலும் மணி அடித்தது. கண்ணாடி இழை இணைப்புக்கு மாறிய பிறகு, சுவரில் மாட்டிய சிறு பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் தொலைபேசியும் ஊமை. இதை இணைப்பு மாற்றும்போது பலருக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. மகள் வெளிநாட்டிலிருந்து எடுத்து, பதில் இல்லாமல் பதறுவாள்.

இதற்கென்றே உள்ளங்கையில் அடங்கும் சிறிய டி.சி. யூ.பி.எஸ். விற்கிறது. ரவுட்டரின் எடப்டரைப் பாருங்கள். 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா, எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கும். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், அம்பியர் குறையக்கூடாது. 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் ரவுட்டர் போய்விடும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, கவனியுங்கள். பெட்டியில் 10,400 மில்லி அம்பியர் மணி என்று இருக்கும். அதை 12 வோல்ட்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு 124 வோட் மணி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட். ஆகவே உண்மையில் 38 வோட் மணிதான். மாற்றும்போது கொஞ்சம் இழப்பும் உண்டு. 8 வோட் எடுக்கும் ரவுட்டருக்கு நான்கு மணித்தியாலம் வரை வரும். அதற்கு அது நியாயமான பொருள்தான். ஆனால் மூன்று மடங்கு எதிர்பார்த்து வாங்கியவர் ஏமாந்தவர். விற்பவர் பொருளின் குறையை மறைக்கக்கூடாது என்பது பிக்ஹு பாடத்தில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது. வாங்குபவர் கேட்டறிவதும் நல்லது. வோட் மணி எவ்வளவு என்று கேளுங்கள்.

மின்விசிறியும் வேண்டும், கைக்குழந்தை இருக்கிறது என்றால் இன்வேர்ட்டரும் பெரிய பெட்டரியும்தான் வழி. 12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈயப் பெட்டரியில் 1,200 வோட் மணி இருக்கும். அதில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். இழப்பும் போக 500 வோட் மணி கைக்கு வரும். 60 வோட் மின்விசிறி ஒன்று, எல்.ஈ.டி. விளக்கு இரண்டு, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 90 வோட் என்றால் ஐந்தரை மணித்தியாலம். அதே அளவு லித்தியம் அயன் பொஸ்பேட் பெட்டரி ஏறத்தாழ இரு மடங்கு தரும், எடையும் பாதிக்குக் குறைவு, பல ஆண்டு உழைக்கும். விலைதான் கூட. இன்வேர்ட்டர் தரும் மின்சாரம் 'ப்யூர் சைன் வேவ்' ஆக இருக்கட்டும். மலிவான வகையில் விசிறி இரைந்து சூடேறும்.

இஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர், பிளெண்டர் எதையும் இவற்றில் மாட்டவேண்டாம். 2022இல் இன்னொன்றையும் கண்டோம். வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில் பெட்டரி நிறைய நேரம் கிடைக்கவில்லை. வெறுமையான சிறு ஈயப் பெட்டரி நிறைய ஆறு முதல் எட்டு மணித்தியாலம் செல்லும். அரைகுறையாக நிறைந்து மீண்டும் மீண்டும் வற்றியதால்தான் அந்த ஆண்டில் பல பெட்டரிகள் செத்தன.

வீட்டில் நோயாளி இருந்தால் கணக்கு வேறு. ஐந்து லீட்டர் ஒட்சிசன் செறிவாக்கி சுமார் 300 முதல் 350 வோட் இழுக்கும். மேலே சொன்ன ஈயப் பெட்டரி ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். லித்தியம் என்றாலும் மூன்று மணித்தியாலம். அப்படிப்பட்ட வீட்டில் முதலில் வாங்க வேண்டியது இன்வேர்ட்டர் அல்ல, நிரப்பிய ஒட்சிசன் சிலிண்டர். அதை மாற்றிப் பொருத்தும் விதத்தை வீட்டிலுள்ள ஒருவராவது வைத்தியரிடமோ தாதியிடமோ செய்து பார்த்துப் பழகியிருக்க வேண்டும். இதைக் கரண்ட் இருக்கும் பகலில் பழகுங்கள். நெபுலைசர் பத்து நிமிட வேலைதான், இன்வேர்ட்டர் தாங்கும். பெட்டரியில் ஓடும் சிறிய வகையோ, குழாய் பொருத்திய இன்ஹேலரோ உங்கள் பிள்ளைக்குப் போதுமா என்று வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். சிலவேளை செலவே மிச்சம்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சிலர் பால்கனியில் ஜெனரேட்டர் வைக்க ஆசைப்படுகிறார்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பக்கத்து யன்னலால் நுழைந்து உறங்குபவரைக் கொல்லும். தவிர, 2022இல் பெற்றோல் வரிசையில் வாகனங்களே நாட்கணக்கில் நின்றன. மின்சாரம் இல்லாத நாளில் எரிபொருளும் இல்லாமல் போகலாம் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

வாங்கும்போது இயந்திரத்துக்கு எத்தனை வருட உத்தரவாதம், பெட்டரிக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் பெட்டரிக்குக் குறைவு. ஈயப் பெட்டரி கடைத் தட்டிலேயே நெடுநாள் கிடந்தால் பாவிக்காமலே பழுதாகும். ஆகவே தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கொழும்பு வெக்கையில் அது ஐந்து வருடம் உழைக்காது, இரண்டு மூன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். அலுமாரிக்குள்ளோ, துணிக்குவியலுக்கு அருகிலோ, படுக்கையறையிலோ வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பெட்டரி நிறையும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். காற்றோட்டமான இடம் வேண்டும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றால் முனைகளில் பூப்பூக்கும். மாதம் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் நிலத்தொடுப்பு ஒழுங்காக உள்ளதா என்று மின்வினைஞரைக் கொண்டு சோதித்துவிட்டே எதையும் மாட்டுங்கள். ஏப்ரலிலும் ஐப்பசி இடியிலும் யூ.பி.எஸ். இருக்கிறதென்று நம்பியிராமல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பிரிஜை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணித்தியாலம் அளவில் குளிர் நிற்கும். பாவனையிலுள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 பாகைக்குட்பட்ட அறையில் நான்கு வாரம் வரை இருக்கும். எந்த வகைக்கு எத்தனை நாள் என்பது உறையிலுள்ள தாளில் இருக்கிறது. அந்தத் தாளை எறிந்துவிடாமல் பிரிஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.