கார் இல்லாத கடலோர ஊர்... கோல்ஃப் வண்டி விலையோ 2 கோடி!

பார்க்கிங் சண்டை இல்லை, டிராஃபிக் ஜாம் இல்லை. இப்படி ஓர் ஊரில் வாழ ஆசையா? ஹாங்காங்கின் லாண்டாவ் தீவில் இருக்கிறது டிஸ்கவரி பே. 1980-களில் தனியார் நிறுவனம் உருவாக்கிய இந்தக் கடலோரக் குடியிருப்பில், சொந்தக் கார் ஓட்ட அனுமதி கிடையாது!

வேலைக்குப் போகிறவர்கள் படகில் ஏறினால், சுமார் அரை மணி நேரத்தில் நகரின் மையமான சென்ட்ரல் பகுதிக்குப் போய்விடலாம். 2000-ல் சுரங்கச் சாலை திறக்கும்வரை படகை விட்டால் வேறு வழியே இல்லை. ஊருக்குள் நடக்கலாம், பஸ்ஸில் போகலாம். வசதியுள்ளவர்களுக்குக் கோல்ஃப் வண்டி.

சிக்கல் அங்கேதான். சுமார் 500 கோல்ஃப் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. புதிதாக வேண்டுமென்றால், ஏற்கெனவே வைத்திருப்பவர் விற்க வேண்டும். அதனால் ஒரு வண்டி 20 லட்சம் ஹாங்காங் டாலரைத் தாண்டியும் விலைபோயிருக்கிறது. நம் மதிப்பில் 2 கோடி ரூபாய்க்கு மேல்!

மற்றவர்களுக்குப் படகும் பஸ்ஸும்தான் கதி. அவற்றை நடத்துவதும் ஊரைக் கட்டிய அதே குழுமம்தான். கட்டணம் உயர்ந்தால், 'நான் என் வண்டியில் போய்க்கொள்கிறேன்' என்று சொல்ல முடியாது. காரை நிறுத்துவது சுலபம். அதற்குப் பதிலாக ஓடும் பஸ், எல்லோருக்கும் கட்டுப்படியாக வேண்டுமே!