கழன்று விழும் டைல்ஸ்: தவறு எங்கே, தீர்வு எங்கே?

குளியலறைச் சுவரில் பதித்த டைல் ஒன்றிரண்டு வருடத்திலேயே கழன்று விழுந்தால், அதைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. அதன் முதுகுதான் முதல் சாட்சி. முதுகில் கலவையே ஒட்டாமல் வழவழவென்று இருந்தால், பசை டைலைப் பிடிக்கவில்லை. கலவையோடு சுவர்ப்பூச்சும் பெயர்ந்து வந்திருந்தால், பலவீனம் பூச்சில் இருக்கிறது.

விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீரை உறிஞ்சாது. நுண்துளைகளில் இறங்கிப் பிடிக்கும் சிமெண்ட் பாலுக்கு அங்கே வழியில்லை. பாலிமர் தூள் கலந்த அட்ஹெசிவ் தேவைப்படுவது இதனால்தான். ஐரோப்பியத் தரமான இஎன் 12004-ன்படி, சி1 வகை சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் இழுவிசையையாவது தாங்க வேண்டும். சி2 வகை 1 நியூட்டன், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ. தண்ணீரில் ஊறவைத்த பிறகும், சூட்டில் வைத்த பிறகும் அந்த அளவு குறையக் கூடாது. குளியலறைக்கும் வெயில் படும் வெளிச்சுவருக்கும் இதுவே உயிர்நாடி. இந்தியத் தரம் ஐஎஸ் 15477. இந்த எண்ணும் வகையும் பையில் அச்சாகியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

நல்ல பையும் வேலையில் வீணாகலாம். பூசிய அட்ஹெசிவ் காற்றிலும் வெயிலிலும் ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டு, ஒட்டாவிட்டால் வழித்து எறிய வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பது பலத்தைக் குலைக்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டினால் இடையெல்லாம் வெற்றிடம். தட்டினால் டொக்கென்று கேட்கும். பல் கரண்டியால் முழுப்பரப்பிலும் இழுக்க வேண்டும். கொத்தனாரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. சதுர அடிக் கணக்கில் கூலி பேசி அவசரப்படுத்துபவர்களுக்கும் இதில் பங்குண்டு.

அடுக்குமாடி வீடு என்றால், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3)-ம் பிரிவு துணைக்கு வரும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரக் குறையைத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தனி வீட்டுக்காரர் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். பில், காலிப் பையின் படம், விழுந்த டைல் மூன்றையும் வைத்திருந்தால் வழக்கு நிற்கும். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.