சுவடு வைக்காத வளையம்

பொழுது புலருமுன்னரே போடிநாயக்கனூரில் ஜீப்பில் ஏறி, 17 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களின் கைகள், செடியின் தூரிலிருந்து தரையோடு படர்ந்து கிடக்கும் சரங்களில் முற்றிய காயை மட்டும் தேர்ந்து எடுக்கப் பழகியவை. அத்தகைய கையொன்றின் புறத்தில், மோதிரத்தை அழுத்தி எடுத்தாற்போல் ஒரு வட்டத் தடிப்பு தோன்றுமாயின், அரிப்போ வலியோ இல்லாவிடினும், கூட வேலை செய்வோர் அதனைப் படர்தாமரை என்பர். மாதங்கள் கழிந்தும் அது போகாதிருக்கக் கண்டால், வேறொரு பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் நினைப்பர்.

அவ்விரண்டும் அல்லாத வட்டமும் உண்டு. 1895-ல் ஆங்கில வைத்தியர் கால்காட் பாக்ஸ் வர்ணித்து, 1902-ல் ராட்கிளிஃப் குரோக்கர் பெயரிட்ட 'கிரானுலோமா அன்யுலாரே' என்பதே அது. மோதிரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் அப்பெயரிலேயே இருக்கிறது. அபூர்வமானது, தொற்றாதது. படர்தாமரையின் விளிம்பில் செதில் உதிரும், இதன் மேற்பரப்போ வழவழப்பானது. குஷ்டத்தின் தேமலில் ஸ்பரிச உணர்ச்சி குன்றும், இதில் பஞ்சு நுனி பட்டாலும் தெரியும். சந்தேகம் தீரத் தோலில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பதுண்டு. எடுத்த பின் வட்டமே மறைந்துபோன விசித்திரமும் வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கிறது.

ஓரிரு இடங்களில் மட்டும் வருவதாயின், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள், சிகிச்சை எதுவுமின்றி, தழும்பும் வைக்காமல் தானே மறைகிறது; பலருக்குப் பழைய இடத்திலேயே மீண்டும் வருவதுண்டெனினும், அதுவும் காலக்கிரமத்தில் போய்விடுகிறது. உடலெங்கும் பரவும் வகை மட்டும் பிடிவாதமானது, ஆண்டுக்கணக்கில் தங்கும். சிலரிடம் அதனுடன் நீரிழிவும் காணப்படுவதால் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது உசிதம்.

வியாதி வைக்காத சுவட்டை மருந்து வைத்துவிடுவதுதான் வேதனை. சீட்டின்றி மருந்துக்கடையில் வாங்கும் படர்தாமரைக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருப்பதால், மாதக்கணக்கில் தடவத் தடவத் தோல் மெலிந்து வெளுத்து, அயலார் வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பெயருக்கே அவ்வெளுப்பு சாட்சி சொல்லத் தொடங்கும். க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கையை நீட்டிக் காட்டினால் இத்தனையும் நேராது. ஆனால் அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகும், களிம்போ மலையிறங்கி வீட்டுக்குப் போகும் வழியிலேயே கிடைக்கும்.