அணுக்கருவின் கதை – 9: தேரி மணலில் மாய எண்

சாயர்புரம் பக்கத்துத் தேரியில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். அதைச் சிவப்பாக்கியது இரும்பு ஆக்சைடு. அதே பிடிக்குள் கறுப்பாக இல்மனைட்டும், மிகச் சிறிதளவு மோனசைட்டும் கிடக்கும். தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் ஏராளம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் அதை அடையாளம் கண்டது, ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டிப் போயிருந்த மணலில்!

மோனசைட்டில் இருப்பது தோரியம்-232. அதன் அரை ஆயுள் சுமார் 1,405 கோடி ஆண்டுகள். ஆறு ஆல்ஃபா, நான்கு பீட்டா என்று பத்துப் படிகள் இறங்கி அது ஈயம்-208 ஆகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், கடைசிப் படிக்குத் தாலியம்-208 வழியாக வந்து சேரும். மூன்று நிமிட அரை ஆயுள் கொண்ட அந்தத் தாலியத்தில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. ஈயம் பிறந்துவிடுகிறது, ஆனால் அமைதியாகப் பிறப்பதில்லை. கூடுதல் ஆற்றலோடு துடித்துக்கொண்டு பிறந்து, அதைக் காமா கதிர்களாகக் கொட்டிவிட்டுத்தான் அடங்குகிறது.

சந்தையில் மண்குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதுபோலத்தான் இது. தட்டும் வேலையைச் சிதைவு செய்துவிடுகிறது; ஓசையைக் கேட்பது நம் வேலை. பெரும்பாலும் முதலில் 583 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர் ஒன்று, அதன் காலடியிலேயே 2,614 ஒன்று. இரண்டும் சேர்ந்தே வருவதால், 3,198-க்கு அருகே ஒரு நிலை, அதற்குக் கீழே 2,614-ல் இன்னொரு நிலை என்று அந்தக் கருவின் உள்ளமைப்பை வரைந்துவிடலாம்.

2,614 மிகப் பெரிய எண். இரண்டே நியூட்ரான் குறைந்த ஈயம்-206-ன் முதல் கிளர்நிலை 803-லேயே வந்துவிடுகிறது. ஈயம்-208 ஏன் இவ்வளவு விறைப்பு? அதில் 82 புரோட்டான், 126 நியூட்ரான். இரண்டும் மாய எண்கள். அந்த எண்ணிக்கையில் கூடுகள் நிரம்பி மூடிக்கொள்கின்றன. இதை 1949-ல் மரியா கோப்பர்ட் மேயரும் ஹான்ஸ் ஜென்சனும் தனித்தனியே விளக்கினார்கள். 1963-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கதிரியக்கம் என்றாலே நம் கரையில் அச்சமும் வழக்குமாகத்தான் பேச்சு. அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஈயக் கவசத்துக்குள் ஒரு காமா உணர்கருவியை வைத்து, காலடி மணலில் இந்த 2,614-ஐ ஒரு மாணவி தானே பார்ப்பது பெரிய அனுபவம். இங்குள்ள கல்லூரிகள் அதை அவளுக்குத் தரவேண்டும் என்பது என் ஆசை.

சரி, நியூட்ரான்களை அளவுக்கு மீறித் திணித்தாலும் இந்த எண்கள் நிற்குமா? இயற்கையில் நிலைத்திருக்கும் மக்னீசியத்தில் 12 முதல் 14 நியூட்ரான்கள். மக்னீசியம்-32-ல் 20. அதுவும் மாய எண்தான். அதைப் பிடித்து வைத்துப் பார்க்க முடியாது. ஒரு விநாடிகூடத் தாங்காது. எனவே அதன் தாயான சோடியம்-32-ஐ உண்டாக்கி, அது சிதையும்போது வரும் கதிரைக் கேட்டார்கள். செர்னில் நடந்த அந்த ஆய்வு 1979-ல் வெளியானது. மூடிய கூடு என்றால் பெரிய எண் வந்திருக்க வேண்டும். வந்ததோ 885. அங்கே 20 என்ற எண்ணின் மாயம் கலைந்துபோயிருந்தது. உருண்டையாக இருக்கவேண்டிய கரு நீண்டு கிடந்தது.

எல்லா எண்ணும் இப்படிக் கவிழ்வதில்லை. 28 புரோட்டானும் 50 நியூட்ரானும் உள்ள நிக்கல்-78-ன் அரை ஆயுள் சுமார் 122 மில்லி விநாடி என்று ஜப்பானின் ரைக்கென் மையத்தில் பீட்டா சிதைவைக் கொண்டு அளந்தார்கள். பிறகு 2019-ல், சிதைவால் அல்லாமல் மோதலால், அதன் முதல் கிளர்நிலை கிடைத்தது: ஏறத்தாழ 2,600. கூடு உடையவில்லை.

நிக்கலில் தாங்கியது மக்னீசியத்தில் ஏன் தாங்கவில்லை? புரோட்டான்கள் குறையும்போது நியூட்ரான் கூடுகளுக்கு இடையிலான இடைவெளியே சுருங்கிவிடுகிறது என்பது விடையின் முதல் பாதி. மறுபாதியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)